வலது கையுறை

தங்கச்சிக்கு,

என் மின்னஞ்சல் என்றாலே நீ திறப்பதில்லை. இதை மட்டும் படித்துவிடு, அப்புறம் திட்டு.

நாளை விண்வெளி நிலையத்துக்கு வெளியே போக நீ மாட்டப்போகும் வலது கையுறையைத் தைத்தவள் நான். தைத்து முடித்தபோது ஒரு குண்டூசி குறைந்தது. வேலை போய்விடுமே என்று பயந்து, எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஊசி உள்ளேயே இருந்து குத்தினால் காற்று போய்விடும். உனக்குத் தெரியாததா?

இன்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சோதனையில தேறிடுச்சுல்ல? இப்பப் போய் ஊரக் கூட்டாத" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மாற்றுக் கையுறை வேறொருத்தி தைத்தது. அதைப் போட்டுக்கொள், கண்ணு. என்னோடு பேசாமல் இருப்பதற்காவது நீ உயிரோடு இருக்க வேண்டும்.

உன் அக்கா