பலகைய விட்றாதடா

அஜ்மான்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள வீரம்மாளுக்கு,

அஜ்மான் கேம்ப்பிலிருந்து உன் கணவன் கார்மேகம் எழுதுவது. நான் உயிரோடும் நல்ல உடம்போடும் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது. நீயும் சங்கீதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை நீ எடுத்தால் அல்லவா பேசுவதற்கு! வீடியோ வந்த நாளிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் சங்கீதாதான் எடுக்கிறாள். அம்மா தண்ணி பிடிக்கப் போயிருக்கு என்கிறாள், அம்மா கோயிலுக்குப் போயிருக்கு என்கிறாள். நேற்று அம்மா குளிக்குது என்றாள். பின்னால் நீ கோழியை விரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையைப் பொய் சொல்ல வைக்காதே, வீரம்மா. அவளுக்குச் சரியாக வரவில்லை. நீ எடுத்தாலும் உன்னைப் பார்த்துப் பேச எனக்கு முகம் இல்லை என்பதும் உண்மைதான், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற முரளிதரன் புதுக்கோட்டைக்காரன், எங்கள் சைட்டில் கிரேன் ஓட்டுகிறவன். லீவில் வருகிறான். பால் பவுடர், டேங் ஜூஸ் பவுடர், உன் மூட்டுவலிக்குத் தைலம், சங்கீதாவுக்குச் சென்ட் எல்லாம் அவனிடம் கொடுத்திருக்கிறேன். அந்த வீடியோவை எடுத்தவனும் அவன்தான். அதனால்தான் ஊர் தாண்டி ஊர் வந்து தானே கொடுக்கிறேன் என்று நிற்கிறான். அவனைத் திட்டாதே. டீ கொடுத்து அனுப்பு.

வீடியோவில் இருப்பது பின்பாதி மட்டும்தான். முன்பாதியை நான் சொல்கிறேன்.

எங்களுக்கு இப்போது சைட் உம்முல் குவைன் பக்கம், கடலை ஒட்டி. வில்லாக்களுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிறோம். அந்தக் கரையில் ஒரு ஈ காக்கை கிடையாது. படகும் கிடையாது, வலையும் கிடையாது. இந்த மாதத்தில் இங்கே வடக்கேயிருந்து ஒரு காற்று அடிக்கும், ஷமால் என்பார்கள், நம்முடைய வாடை மாதிரிதான். இரண்டு நாள் மண்ணை வாரி அடித்துவிட்டு நின்றது. காற்று நின்ற பிறகுதான் அலை வரிசையாக வர ஆரம்பித்தது. மற்ற நாளில் குளத்துத் தண்ணீர் போலக் கிடக்கிற கடல் அன்றைக்கு எழுந்து எழுந்து விழுந்தது. குளிரோ சொல்லி முடியாது. சிமென்ட் குழைக்கத் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது.

காலை டீக்கு விட்ட நேரம். நான் சுவர் ஓரம் நின்று கடலைப் பார்க்கிறேன். அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு உருவம். பலகை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீயே சொல், பிழைக்க நினைக்கிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான்? கரையைத்தானே பார்ப்பான்? இது கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு இருந்தது. அலை வந்தால் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. கையை அடிக்கவில்லை, கத்தவில்லை. கைகால் ஓய்ந்து, இனி வருவது வரட்டும் என்று விட்டவன்தான் அப்படி உட்காருவான். நம் கரையில் யாரை நிறுத்தி இதைக் காட்டியிருந்தாலும், படகு உடைந்து பலகையைப் பிடித்த ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மற்றவர்கள் எல்லாம் கடல் இல்லாத ஊர்க்காரர்கள், வயல்காட்டில் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த டீயை எங்கே போட்டேன் என்று தெரியாது, ஓடினேன். தலையில் ஹெல்மெட் இருந்ததும் தெரியாது. அதோடுதான் கடலில் விழுந்திருக்கிறேன். நீ பார்த்திருப்பாய், ஊரே பார்த்திருக்கிறது.

கிட்டே போனதும் காலில் கயிறு கட்டியிருந்தது தெரிந்தது. பலகை கையை விட்டுப் போகாமல் இருக்கத் தன்னைத்தானே கட்டிக்கொண்டான் பாவி என்று நினைத்தேன். முங்குகிற ஆளை முடியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தது. பின்னாலிருந்து எட்டிப் பிடித்தேன். கையில் வந்தது ஒரு பின்னல், வீரம்மா. நீளமான பின்னல்.

பொம்பளைப் பிள்ளை. நம் சங்கீதா வயதுதான் இருக்கும். அது வீல் என்று கத்தியது. நான் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்துக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அந்தக் குளிரில் மூச்சு உள்ளே போகவில்லை, தண்ணீர்தான் போனது. பூட்ஸ் இரண்டும் கல்லாகக் கனத்தன. கடலில் பிறந்து கடலில் வளர்ந்த நான், அந்தப் பிள்ளையின் கண் முன்னால் முங்கினேன். அதுதான் என் காலரைப் பிடித்துத் தூக்கி, பலகையில் குப்புறப் போட்டு, பயப்பிடாதேங்கோ அங்கிள், போர்ட்டை இறுக்கிப் பிடியுங்கோ என்று சொல்லிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. பாதி வழியில் பேண்ட் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பெயர் மதுஷா. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இங்கே அஜ்மானில் குடியிருக்கிறார்கள். ஆபீஸ் வேலை பார்க்கிறது. பாதி இங்கிலீஷ், பாதி அவர்கள் தமிழ். நான் தண்ணிக்குள்ள தாழேல்லை அங்கிள், அலைக்கு வெயிட் பண்ணிக்கொண்டிருந்தனான் என்றது. நல்ல அலையாகப் பார்த்து, பலகை மேல் ஏறி நின்று, கரை வரைக்கும் சறுக்கிக்கொண்டு வர வேண்டுமாம். இந்தக் கடலில் குளிர்காலத்தில், அதுவும் காற்று அடித்து ஓய்ந்த பிறகுதான் அப்படி அலை வருமாம். ஆளில்லாத கரை என்றுதான் இங்கே வருகிறதாம். உடம்பில் இருந்த கறுப்பு குளிர் தாங்குகிற ரப்பர் உடுப்பு. விளையாட்டு, வீரம்மா. விளையாட்டுக்காக அப்படி உட்கார்ந்திருக்கிறது.

போலீஸில் சொல்லிவிடுமோ என்று நான் நடுங்கியது குளிரில் நடுங்கியதைவிட அதிகம். வயசுப் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன், இந்த ஊரில் அது என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அது போலீஸுக்குப் போகவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தது. அதைக் குடிக்கும்போது எனக்கு வந்த வெட்கம் என் எதிரிக்கும் வரக்கூடாது. போர்மேன் சாகிர் பாய் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மேல் போர்த்திவிட்டு, கலாஸ், முடிந்தது, இனிமேல் உனக்குச் சுவருக்கு உள்பக்கம்தான் டூட்டி, கடலைப் பார்க்காதே என்றார்.

முரளிதரன் சாயங்காலமே அந்த வீடியோவை ஏதோ ஒரு குரூப்பில் போட்டுவிட்டான். கேம்ப்பில் எல்லோருக்கும் நான்தான் இப்போது பொழுதுபோக்கு. குளிக்கப் போனால், அண்ணே ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போங்க என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். ஊரில் உன்னிடமும் கேட்டிருப்பார்கள். மீன் ஏலத்துக்கு நீ போகும்போது ஜாடையாகப் பேசியிருப்பார்கள். முதலில் அதற்காகத்தான் நீ பேசவில்லை என்று நினைத்தேன்.

பிறகு, சத்தியத்தை மீறியதற்காக இருக்கும் என்று நினைத்தேன். இனிக் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று சங்கீதா தலையில் அடித்துச் சொல்லிவிட்டுத்தானே விமானம் ஏறினேன். கடலே வேண்டாம், மண் சுமந்தாலும் பரவாயில்லை என்று நீதான் நகையை விற்று அனுப்பினாய். இத்தனை வருடம் மண்தான் சுமந்தேன். லீவு நாளில் ரூம்காரர்கள் கார்னிஷ் கடற்கரைக்குப் போனால்கூட நான் மணலோடு நின்றுவிடுவேன்.

ஆனால் போன வாரம் சங்கீதா வாய்தவறி ஒன்று சொல்லிவிட்டாள். அம்மா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுதுப்பா, ஆனா பாக்கல, காதுல வச்சுக் கேக்குது என்றாள்.

நான் அதுவரைக்கும் அதைச் சத்தம் இல்லாமல்தான் பார்த்திருந்தேன். சிரிப்புச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் அப்படிச் செய்தேன். அன்றைக்கு முரளிதரனின் போனை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் நானும் காதில் வைத்தேன். முதலில் காற்று. அப்புறம் இவர்கள் சிரிப்பு. அதற்குள்ளே என் குரல். டேய் சேது, பலகைய விட்றாதடா, அத்தான் வந்துட்டேன், விட்றாதடா சேது.

நான் கத்தியது எனக்குத் தெரியாது, வீரம்மா. சத்தியமாகத் தெரியாது. இங்கே யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. அந்த ஆள் பெயர் சேது என்று நினைத்து அதற்கும் சிரித்திருக்கிறார்கள்.

உன் தம்பி பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று நீ வைத்திருக்கிறாய். வாடையில் படகு உடைந்து, கூடப்போனவன் மட்டும் கரை சேர்ந்து, சேது பலகையைப் பிடிச்சிருந்ததைக் கண்ணால பாத்தேன் என்று சொன்ன நாளிலிருந்து நீ அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை. எந்தப் படகாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கும், எந்த ஊரிலாவது இருப்பான் என்கிறாய். நான் வாயைத் திறந்து மறுத்ததில்லை. மனதுக்குள் மறுத்தேன். போன லீவில் அதையும் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். சங்கீதா கல்யாணத்துக்கு முன்னால், உடம்பு கிடைக்காவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்தாவது அவனுக்குக் கருமாதி செய்துவிடலாம், போனவன் போயிட்டான் என்றேன். நீ சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் விமானம் ஏறுகிற அன்றைக்கும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

போனவன் போயிட்டான் என்று சொன்ன வாய்தான் அது. அதே வாய், கடலில் கறுப்பாக ஒன்றைக் கண்டதும் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறது. பேண்ட் அவிழ்ந்ததற்கு வெட்கப்பட்டது ஒரு வாரத்தில் போய்விட்டது. இந்த வெட்கம் போகவில்லை. உன்னைப் பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டு நான் மட்டும் புத்திசாலியாக இருந்தேன் என்று எண்ணியிருந்தேன். சுவர் ஓரம் நின்று தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

அந்தப் பிள்ளை அப்புறமும் ஒரு நாள் வந்தது. அவள் அம்மா செய்தது என்று புட்டும் சம்பலும் சைட் கேட்டில் கொடுத்துவிட்டு, சேது ஆர் அங்கிள் என்று கேட்டது. அந்தப் பிள்ளை ஒன்றுதான் அந்தப் பெயரைச் சரியாகக் காதில் வாங்கியிருக்கிறது. என் மச்சினன் என்றேன். இப்ப எங்க இருக்கிறார் என்றது. நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது, இனி நான் தண்ணிக்குள்ள போய் இருந்தவுடனே கையைத் தூக்கிக் காட்டுறன் அங்கிள், நீங்கள் பயப்பிட வேண்டாம் என்று சொல்லிப் போனது. சுவர் இன்னும் நெஞ்சு உயரம்தான் எழும்பியிருக்கிறது. சாகிர் பாய் அந்தப் பக்கம் திரும்பும்போது எட்டிப் பார்ப்பேன். அலை இருக்கிற காலையில் அந்தக் கறுப்பு உருவம் ஒரு கையைத் தூக்கும். அப்புறம்தான் எனக்கு வேலை ஓடுகிறது.

கருமாதிப் பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் பெண்ணின் தாய்மாமன் வெளியூரில் இருக்கிறான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ என்னோடு பேச வேண்டாம். கோபம் தீரும்போது தீரட்டும். முரளிதரன் டீ குடித்துவிட்டுப் போனதும் ஒரு மிஸ்டு கால் மட்டும் விடு. நான் எடுக்க மாட்டேன். அடித்தது தெரிந்தால் போதும். சங்கீதாவிடம் அப்பா கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், தைலத்தைக் கஞ்சத்தனம் பார்க்காமல் தேய்.

உன்னிடம் தலை குனிந்து நிற்கும்,
கார்மேகம்.

இதை ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. அந்தப் பலகை பார்க்க மெல்லிசாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆளைத் தாங்குகிறது, வீரம்மா. நான் படுத்துப் பார்த்துவிட்டேன்.