பிஸ்கட் டின்னுக்குள் டினோஜாவின் வயர்கள்

மாமி,

நீங்கள் கோயிலால் வரும்போது நான் கந்தோருக்கு வேலைக்குப் போயிருப்பேன். கதவுத் திறப்பு வழமையான இடத்தில் இருக்கிறது. மீன் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று நினைவில்லை, பார்த்துப் போடுங்கள்.

பத்து மணிக்கு நானாட்டானில் இருந்து மில்ரன் வருவார், டினோஜாவின் சத்தம் செய்யும் மெஷினை, அந்தச் சிந்தசைசரை, விலைக்கு வாங்க. நேற்றுக் கோபத்தில் நான்தான் வரச்சொன்னேன். கொடுத்துவிடுங்கள்.

உங்களோடு கத்தியது என் பிழை. அவள் செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு வீடு துடைத்தபோது, சிந்தசைசரில் குத்தியிருந்த வயர்களைக் கழற்றிச் சுருட்டி பிஸ்கட் டின்னில் வைத்தீர்கள். "தம்பி, எல்லாம் வடிவா அடுக்கி வச்சிருக்கிறன்" என்றீர்கள். அந்த மெஷினுக்கு ஞாபகசக்தி இல்லை மாமி. வயர் கழன்றால் அவள் கடைசியாகச் செய்த சத்தமும் போய்விடும். உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

விடிய எழும்பி, போனில் இருந்த மெஷினின் படத்தைப் பார்த்து வயர்களைத் திரும்பக் குத்தினேன். சத்தம் வருகிறது. ஆனால் துடைத்ததில் சத்தத்தை மாற்றும் குமிழ்களும் திரும்பியிருக்கின்றன; படத்தில் அவை தெளிவில்லை. இதுதான் அந்தச் சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. கலியாணம் கட்டியதில் இருந்து பகலில் நான் வீட்டில் இருந்ததில்லை. உங்கள் மகள் வாசிக்கக் கேட்டவர் நீங்கள்தான். அந்தச் சத்தம் வந்தால் குசினிக்குள் இருந்து, "உன்ர கப்பல் ஊதினது காணும், சாப்பிட வா" என்று அவளைக் கூப்பிடுவீர்களாம்.

எமில்

பி.கு.: மில்ரனிடம் கொடுக்க வேண்டாம். தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

பின்னேரம் நான் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்புகிறேன். நீங்கள் குசினிக்குள்ளேயே இருங்கள். கப்பல் வந்ததும் சொல்லுங்கள்.