வெளியே போயிருக்கிறார்

குட்டிம்மா,

சோறு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சுட வைத்துச் சாப்பிடு. நான் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கிரெடிட் கார்டு வசூல்காரர் மதியத்துக்குள் வீட்டுக்கே வருகிறாராம். அப்பா கார்டில் வாங்கிய வாஷிங் மெஷின் கடன்தான். மெஷின் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது.

நேற்று நீ கத்தினாய். "அப்பா செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. ஏம்மா இழுத்துட்டே இருக்க?" நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் போன் பண்ணும்போதெல்லாம், "சார் இருக்காரா?" என்பார். "வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு" என்று சொல்லிவிடுவேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கும் அப்படித்தான் இருக்கும். அப்பாவை இப்போது வேறு யார் கேட்கிறார்கள், சொல்.

என்னால் முடியாது. நீயே சொல்லிவிடு. இறப்புச் சான்றிதழ் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நகலை மட்டும் கொடு. பைசா கொடுக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. காலாவதியான கடனில் கொஞ்சம் கட்டிக் கையெழுத்துப் போட்டாலும் அதற்கு மறுபடி உயிர் வந்துவிடுமாம், வக்கீல் சொன்னார். கடனுக்கு மட்டும்தான் அப்படி நடக்கும் போலிருக்கிறது.

அம்மா

மறந்துவிட்டேன். வாசலில் அப்பா செருப்பு கிடக்கும். அதைப் பார்த்தால் அந்த ஆள் நீ சொல்வதை நம்பமாட்டார். எடுத்து உள்ளே வை.

அவர் போனதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடு.