மழை விட்டால் ஏறலாம் என்று யாரும் சொல்லவில்லை

இன்று காலை கண்டியில், தவணைப் பரீட்சையின் அளவையியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "மழை பெய்தால் நிலம் நனையும். மழை பெய்யவில்லை. ஆகவே நிலம் நனையவில்லை. இந்த வாதம் சரியா?" என்பது கேள்வி. "சரி" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். பிழை போட எடுத்த சிவப்புப் பேனையை அப்படியே வைத்துவிட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாவலப்பிட்டியில் நாம் உயர்தரம் படித்தபோது அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. யாரோ தந்த பழைய கொப்பி ஒன்றுதான் நம் இருவருக்கும். 'வந்தால்', 'வந்தால் மட்டும்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புரியாமல் நான் அழப்போன அன்று, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நின்று நீ கேட்டாய்.

"பஸ் வந்தா ஸ்கூலுக்குப் போவோம். இன்னிக்கி பஸ் வரல்ல. இப்ப என்னா செய்றோம்?"

"நடந்து போறோம்."

"அம்புட்டுதான்டி. பஸ் வந்தா மட்டும் போவோம்னு சொல்லியிருந்தா, வீட்டுலயே குந்தியிருக்கணும்."

நான் கெம்பஸ் போய் ஆசிரியையானேன். நீ வேறொரு பாடத்தில் தவறி, தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அம்மாவோடு லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாய். அளவையியலில் உனக்குத்தான் என்னைவிடக் கூடிய பெறுபேறு.

அந்தப் பெருமழையில் லயத்துக்கு மேலே மண் வெடித்திருந்தது. மழை விடாமல் பெய்தால் இறங்கிவிடுங்கள் என்று அதிகாரி ஒருவர் வந்து சொன்னார். எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்கு இறங்கினீர்கள். மூன்றாம் நாள் வெயில் வந்தது. நீ எனக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாய்.

"மழ விட்டுருச்சி. எல்லாரும் சாமான் எடுக்க மேல போறாங்க. மழ பேஞ்சா எறங்குங்கன்னுதான் அவரு சொன்னாரு. விட்டா ஏறலாம்னு சொல்லவே இல்லடி. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

நான் பாடசாலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். சிரித்தேன்.

"இன்னும் அந்தக் கொப்பியையே படிக்கிறியா? வெயில் அடிக்குதுல்ல. போயி ஒன் உடுப்பு, அம்மா மருந்தெல்லாம் எடுத்துக்கிட்டு வா."

பிறகு, "நாந்தான் ரொம்ப யோசிக்கிறேன் போல" என்றாய்.

அம்மாவை மண்டபத்தில் இருத்திவிட்டு ஏறினாய். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலை சரிந்தது. வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்ததாம். இரண்டு நாள் கழித்து உன்னை எடுத்தார்கள்.

நான் தடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். நான் தடுத்திருந்தாலும் நீ போயிருப்பாய். நடக்காத ஒன்றை வைத்து 'இப்படி என்றால் அப்படி' என்று சொல்லும் எந்த வாக்கியத்தையும் 'மெய்' என்றே குறிக்கச் சொல்கிறது நாம் படித்த அளவையியல் அட்டவணை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கற்பிக்கிறேன். எனக்கு அது உதவவில்லை.

அம்மா இப்போது கம்பளையில் உன் மாமா வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒங்கிட்டதானே பேசுனா. என்னா புள்ள சொன்னா?" என்று கேட்கிறார்.

"மழ விட்டுருச்சின்னு சொன்னாம்மா" என்கிறேன்.

நான் என்ன சொன்னேன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.