செத்த பிறகும் கட்டுரை எழுதிய அண்ணனுக்கு

என் பயத்தையும் சேர்த்துச் சுமந்த அன்பு தேவசகாயம் அண்ணனுக்கு,

நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. அதற்குள் ஒரு கட்டுரை எழுதி, ஒரு மனுஷனின் வேலையைப் பறித்துவிட்டாய். சிரிக்காதே. எனக்கு உன் மேலேயே கோபமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் தாளில் படிக்கப்போகிறவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். நம்முடைய ‘கிணற்றடி’ நாலு பக்கத் தாள். மாதம் ஒருமுறை உன் சைக்கிள் கடைக்குப் பின்னால் சைக்ளோஸ்டைல் மெஷினைக் கையால் சுற்றி அடித்து, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர்கள் இருக்கிற தெருக்களில் கொடுப்போம். எது வந்தாலும் கீழே ம. தேவசகாயம் என்றுதான் இருக்கும். டேனரியில் உன்னை வேலையை விட்டு நிறுத்தியபோது நீயே செய்த ஏற்பாடு அது. “என்னை இனிமே எவன் நிறுத்துவான்? எல்லாத்துக்கும் என் பேரையே போட்டுக்குங்க” என்றாய். எங்களுக்கும் அது சௌகரியமாகப் போய்விட்டது.

உன் இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நாலு பக்கத்தையும் தனி ஆளாக எழுதி நிரப்பியவர்” என்று கண்ணைத் துடைத்தார். எனக்குத் தெரியாதா நீ எழுதிய லட்சணம்? தலையங்கத்துக்கு நாலு வரி எழுதுவதற்குள் மூன்று டீ குடிப்பாய். மெஷின் சுற்றியது நீ, வீடு வீடாகக் கொடுத்தது நீ, ஏச்சு வாங்கியதும் நீ. எழுதியது நாங்கள். அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நானும் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் அந்தக் கூத்து. முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி உன் மரணச் செய்தி. மூன்றாம் பக்கத்தில், தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிற ஏழுமலை அண்ணனைப் பற்றிய கட்டுரை. உன்னை அடக்கம் செய்த அடுத்த வாரம் அவர் கையுறை கேட்டு ஆபீசுக்குப் போனாராம். “வெறுங்கையால செஞ்சவங்கல்லாம் செத்தா போய்ட்டாங்க?” என்று திருப்பி அனுப்பினார்களாம். முதலாளி வீட்டில் டி.வி. வாங்கியாகிவிட்டது, ஒரு ஜோடி கையுறைக்கு வழியில்லை! அந்தக் கட்டுரைக்கு அடியில், கை பழகிய பழக்கத்தில், ம. தேவசகாயம் என்று எழுதிவிட்டோம். மூன்று பேர் சரிபார்த்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, அண்ணா. உன் பெயர் இல்லாமல் ஒரு பக்கம் முடியும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜர் கண்ணில் பட்டது. “செத்தவன் வந்து எழுதிட்டுப் போறானா? எவன்டா எழுதறது?” என்று கத்தினாராம். கட்டுரையில் இருந்தது ஏழுமலை அண்ணனின் கதை, ஆகவே எழுதியதும் அவர்தான் என்று முடிவுகட்டி, மறுநாள் அவரை டேனரி கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். கைநாட்டு வைக்கிற மனுஷன் அண்ணா அவர்! அந்தக் கைநாட்டைப் பார்த்துப் பழகிய ஆபீஸ்காரர்களில் ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா?

ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தோல் உரிந்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“யார் எழுதினதுன்னு கேட்டாங்களாண்ணே?”

“கேட்டாங்க. நான் சொல்லல.” நிமிர்ந்து பார்த்தார். “இன்னா எஸ்தரு, எழுதத் தெரிஞ்ச உங்களுக்குப் பேர் போட பயம். எழுதத் தெரியாத எனக்கு, எழுதுனவன்னு பேரு. இது இன்னாம்மா நியாயம்?”

நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று கோழைகளாகவே பழக்கிவிட்டாயே, அண்ணா.

அன்று சாயங்காலமே, என்னோடு தாளில் எழுதுகிற மற்ற இரண்டு பேரையும் உன் கடைக்கு வரச்சொல்லி, எல்லோர் பெயரையும் போடலாம் என்றேன். கமலா உடனே சரி என்றாள். நசீர் பாய், “மூணு பொண்ணுங்கள வச்சிருக்கேன்மா, பேஜாராய்டும்” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவரே சொன்னார்: “போட்டா முழுப்பேரா போடுங்க. வெறும் நசீருன்னா ஊர்ல நூறு பேர் இருக்கான். மறுபடியும் வேற எவனையாவது புடிச்சுடப் போறாங்க.”

எனவே ஊர் கேட்டுக்கொள்ளட்டும். டேனரி மெஷினில் விரல் போனவர்களைப் பற்றி வந்ததெல்லாம், கிடங்கில் தோலைத் தரம் பிரிக்கிற அ. நசீர் அகமது எழுதியது. தாய்மார் பக்கத்தை எழுதியது, தினமும் காட்பாடி வரை ரயிலில் போய் வேலை பார்க்கிற நர்ஸ் சி. கமலா. “ஆம்பளைக்குப் பிரசவத்தப் பத்தி இவ்ளோ எப்படித் தெரியும்?” என்று பெண்கள் கேட்டபோது மீசையைத் தடவிக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அச்சடிக்கிற ஸ்டென்சில் தாளில் இருக்கும் முத்து முத்தான கையெழுத்தும் அவளுடையதுதான். ஏழுமலை அண்ணன் சொல்லச் சொல்ல அந்த மூன்றாம் பக்கத்தை எழுதியது நான்.

திங்கட்கிழமை காலை, ஷிப்டுக்கு மணி அடிக்கும் முன், ஏழுமலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் டேனரி கேட்டில் நிற்போம். இந்தத் தாளை மேனேஜர் கையில் நானே கொடுப்பேன். எழுதினவள் நான், அவரை உள்ளே விடுங்கள் என்று கேட்பேன். பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா. ஆனாலும் நான் எழுதியதற்கு இனி ஒருபோதும் உன் பெயரைப் போட மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அதே முதலாளியின் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலான ‘அப்பர்’ தைக்கிற
உன் தங்கை,
ம. எஸ்தர்