ஐந்து ஊசியும் ஒன்பது நாளும்

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று இன்று காலை முத்தியால்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன். பழுது பார்ப்பவர் சால்டரிங் அயர்னை வைத்ததும் ஈயமும் பிசினும் கருகும் புகை மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் என் காதில் விழவில்லை. “இன்னாம்மா, தலை சுத்துதா?” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தலை சுற்றவில்லை. உங்கள் நினைப்புதான். உங்களிடம் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நீங்கள் வேலை பார்த்த மில்லைப் பூட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் அத்தனை பேரை வேலை வாங்கிய மனிதர், நான் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதையும் கோணலாகத்தான் வைப்பீர்கள். நீங்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் பிரித்துத் திரும்ப வைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பாரீசிலிருந்து உங்கள் அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்தார். அங்கே டி.வி., கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அட்டைப்பெட்டியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும், வேறொரு கம்பெனியின் மானிட்டரும் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டினால் எழுத்தெல்லாம் ஈசல் மாதிரி மொய்க்கும், இதில் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று நிற்கும் என்றார். இரண்டையும் இணைக்கும் கேபிள் மட்டும் இல்லை.

“ஒயர நீயே பண்ணு மச்சான். ஓட வெச்சுட்டு எனக்கு லெட்டர் போடு, உனக்கு விசா பேப்பர் ரெடி பண்றேன். எங் கடையிலயே உக்காந்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் பிளேன் ஏறிவிட்டார்.

பெட்டியோடு வந்த புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. நீங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நான் கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிப் பிரெஞ்சு படித்தவள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தப் பிரெஞ்சு அப்போதுதான் எதற்காவது உதவியது. நான் கட்டிலில் உட்கார்ந்து படித்துத் தமிழில் சொல்வேன். நீங்கள் தரையில் சம்மணம் போட்டு, கேபிள் முனையில் வரும் ஐந்து ஊசி உருண்டைப் பிளக்கில் ஒயரைப் பற்றவைப்பீர்கள்.

“இன்னொரு தபா சொல்லுடி.”

“ஒண்ணாவது ஊசியில படம் வருதாம். நடுவுல இருக்கறது எர்த்தாம்.”

“எழுதுனவனுக்கு உன்ன மாதிரியே அவசரம். ஒழுங்கா சொல்லியிருக்கானா பாரு.”

ஷிப்ட் ஷிப்டாக மில் உங்களை எடுத்துக்கொண்டதில், பகல் வெளிச்சத்தில் உங்கள் முகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மத்தியானம் முழுக்க நாம் இரண்டு பேரும் ஒரே அறையில். வேலை போன வீட்டில் என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று பக்கத்தில் பேசியிருப்பார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன், வேறு எப்படிச் சொல்வது?

மானிட்டர் மட்டும் மசியவில்லை. எத்தனை முறை பிரித்துப் பற்றவைத்தாலும், சுவிட்சைப் போட்டால் திரையில் சாய்கோடுகள்தான் ஓடின.

ஒரு நாள் நீங்கள் ஈயம் வாங்கப் போயிருந்தீர்கள். நான் ஒரு ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக் கை இணைத்துக்கொண்டிருந்தேன். எதிரே புத்தகம் திறந்து கிடந்தது. அதில் இருந்த படம் பிளக்கை முன்பக்கம் பார்த்து வரைந்தது. நீங்கள் பற்றவைப்பதோ பின்பக்கம். திருப்பிப் போட்ட ஜாக்கெட்டில் இடது கை வலது பக்கம் போகிறதல்லவா, அதுபோல நடு ஊசியைத் தவிர மற்ற நான்கும் இடம் மாறிப்போயிருந்தன.

நீங்கள் வந்ததும் “என்னங்க” என்று கூப்பிட்டேன். “இன்னா?” என்றீர்கள். “காப்பி போடட்டா?” என்று கேட்டேன். அது ஓடிவிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் கேட்ட ஊசி எண்களையெல்லாம் சரியாகத்தான் படித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, ஓட வேண்டும் என்று நீங்கள் மாதாவிடம் வேண்டிக்கொண்டீர்கள். ஓடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். மாதா பாவம்.

ஒன்பதாம் நாள் மாலை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்ட ஆரம்பித்தீர்கள்.

“எனக்கு மூள இல்லடி. கொக்கி வெக்கத்தான் லாயக்கு. அதையும் நீ பிரிச்சுத் திரும்ப வெக்கிற. எனக்குத் தெரியும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உங்களை வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் வாயை மூடினேன், ஆனால் நீங்கள் என் கண் முன்னாலேயே தேய்ந்துகொண்டிருந்தீர்கள். திருப்பிப் போட்ட ஜாக்கெட் ஒன்றை எடுத்து உங்கள் மடியில் வைத்தேன்.

“இது எந்தக் கைங்க?”

“வலது.”

நேராகத் திருப்பினேன். “இப்ப?”

கொஞ்ச நேரம் ஜாக்கெட்டையே பார்த்தீர்கள். பிறகு பிளக்கைப் பார்த்தீர்கள். கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு அயர்னைச் சூடு போட்டீர்கள்.

சாய்கோடு போய்ப் பொடி எழுத்துகள் அசையாமல் நின்றன. நீங்கள் ஒற்றை விரலால் அழுத்தி உங்கள் பெயரையும் என் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தீர்கள். “தெரியுதாடி?” என்றீர்கள். தெரியுது என்றேன். கண்ணில் நீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

“எப்பக் கண்டுபுடிச்ச?”

“இப்பதான்” என்றேன்.

உங்கள் பேப்பர் நான்கு மாதத்தில் வந்துவிட்டது. என் பேப்பர் ‘அடுத்த மாசம், அடுத்த மாசம்’ என்று உங்கள் கடிதங்களில் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்தீர்கள், உடம்பு பூசினாற்போல இருந்தது, கடையில் எல்லாரும் உங்களிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அடுத்த குளிர்காலத்தில் தந்தி வந்தது. மார்வலி. அங்கேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையின் போட்டோவை உங்கள் அக்கா அனுப்பினார். அந்த மண்ணை நான் இன்னும் மிதிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. மூளை இல்லை என்று சொன்னவர் அந்தத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதனால், அன்று பிளக்கைப் பற்றிச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் உங்களிடமிருந்து திருடியவை. மன்னிப்பு வேண்டுமானால் கேட்கிறேன். நாட்களைத் திருப்பித் தர மாட்டேன்.