முள் நின்ற இடம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

நீ சர்வீஸ் செய்து தந்த உன் அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் சரியில்லை. பாட்டே போடாமல் ஆன் செய்து வைத்தாலும் மேல்தகட்டில் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. பாட்டுப் போட்டாலோ, முகப்பில் உள்ள இரண்டு பவர் மீட்டரிலும் முள் 0.3 வாட் என்ற கோட்டைத் தாண்டுவதில்லை. அவர் கேட்கும்போது 10-ஐத் தொட்டு ஆடும். காபி கொண்டுபோய் வைக்கும்போது தினமும் பார்த்திருக்கிறேன்.

நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டிருக்கிறாய் என்று சொல்ல மனமில்லை. வேறு விளக்கமும் எனக்குத் தெரியவில்லை. அவர் இறந்துபோன இந்த ஐந்து மாதத்தில் உன்னிடம் நான் கேட்ட ஒரே உதவி இது.

உன் அண்ணி

ஜூன் 9

அண்ணிக்கு வணக்கம்.

முட்டி பரவாயில்லை. உங்கள் கடிதம்தான் கொஞ்சம் வலித்தது. நான் மாற்றியது இரண்டு கெப்பாசிட்டரும் ஒரு சுவிட்சும் மட்டுமே.

சூடு கோளாறு அல்ல. அது கிளாஸ் ஏ ரகம். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கருக்குப் போகாததெல்லாம் சூடாகத்தானே வெளியேற வேண்டும்? அதனால் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் கொதிக்கும். மீட்டர் அந்த இழுப்பைக் காட்டாது. ஸ்பீக்கருக்குப் போவதை மட்டும் காட்டும். வீட்டு அறையில் நிதானமாகக் கேட்க அரை வாட்கூட வேண்டாம். வால்யூமைக் கூட்டிப் பாருங்கள், 10-ஐத் தொடும். ஜன்னலும் அதிரும்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டிப் பார்த்தேன். தொட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்னம்மா, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உன்னைச் சந்தேகப்பட்டது என் தவறு. மன்னித்துக்கொள்.

ஆனால் கடைசி இரண்டு வருடமும் அவர் அப்படித்தான் வைத்துக் கேட்டார். என் பேச்சு காதில் விழக் கூடாது என்றே வைக்கிறார் என நினைத்தேன். ஒருநாள் அறை வாசலில் நின்று, "நான் பேசறது பிடிக்கலைன்னா சொல்லிடுங்க" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே என் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அரை வாட் போதுமென்றால் அந்த மனிதருக்குப் பத்து வாட் எதற்கு? மழுப்பாமல் எழுது.

உன் அண்ணி

ஜூன் 20

அண்ணிக்கு,

அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். காதுக் கருவி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "உங்க அண்ணி என்கிட்ட ஆயிரம் குறை கண்டுபிடிச்சிருக்கா. இதையாவது விட்டு வைப்போம்டா" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல், "அவ என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டா தாங்க மாட்டேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

காது எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். "மொதல்ல ஒண்ணு, அப்புறம் மூணு. இப்ப பத்துடா" என்பார்.

நீங்கள் பின்னறைக்குப் போனதையும் சொன்னார். "ஏன்னு எப்படிடா விசாரிக்கிறது? அவ சொல்ற பதில் எனக்குக் காதுல விழாதே" என்றார்.

மன்னியுங்கள்.

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை இரண்டு.

பெண்கள் குரலை உயர்த்தக் கூடாது என்று கான்வென்ட்டில் பதினோரு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் உயர்த்தியதில்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூப்பிட்டதில்லை. கட்டிலை மாற்றிய அன்று வாசலில் நின்று சொன்னதைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். அவ்வளவு கோபத்திலும் அடக்கமாகப் பேசினோமே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

உன் மேல் கோபம் அதிகமா, அவர் மேலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. தாமதிக்காதே.

யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், தம்பி. தெருவே எழுந்து வரும்படி கத்தியிருப்பேன்.

உன் அண்ணி